யாத்திராகமம் 21-ஐத் தாண்டிப் போகாமல் வாசிக்க: செஃபாரியா செயலி

செஃபாரியா ஒரு இலவசச் செயலி. சந்தா கிடையாது, விளம்பரமும் கிடையாது. தோரா (வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்கள்), தீர்க்கதரிசிகள், மிஷ்னா (வாய்மொழிச் சட்டங்களின் பழைய தொகுப்பு), தால்முத் (அந்தச் சட்டங்களைப் பற்றி ரபிகள், அதாவது யூத வேத போதகர்கள், நடத்திய விவாதங்கள்), இடைக்கால உரையாசிரியர் ராஷியின் விளக்கவுரை, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸின் சட்டத் தொகுப்பு என்று யூத மரபின் பெரிய நூலகத்தையே கைப்பேசிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் என்ற இருவர் 2011-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு இதை நடத்துகிறது. கணினியிலும் திறக்கலாம். இதில் செய்யக்கூடியவை நிறைய. நான் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் இதை எடுத்தேன், அதைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன்: வேதத்திலுள்ள அடிமைச் சட்டங்களை ஒளிக்காமல், பூசி மெழுகாமல் வாசிக்க இது எவ்வளவு உதவுகிறது?

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மீதி புரியும். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்ட குடும்பங்களை மீட்கப் போன குழுக்களில் இருந்திருக்கிறேன். 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கொடுக்கப்படும் விடுதலைச் சான்றிதழ்களுக்கு வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். இப்போது எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் நடத்துகிறேன். யாத்திராகமத்தை வரிசையாக வாசித்து வந்தோம். எகிப்திலிருந்து விடுதலை, செங்கடல், சீனாய் மலை, பத்துக் கட்டளை. அப்புறம் 21-ம் அதிகாரம். அதன் முதல் சட்டமே எபிரெய அடிமையை வாங்குவதைப் பற்றியது. அடிமைத்தனத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்த ஜனத்துக்கு இப்படி ஒரு சட்டமா என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

இதற்காகக் கட்டணம் கட்டி ஒரு இணைய வகுப்பில் சேர்ந்தேன். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். அங்கே சொன்னது இவ்வளவுதான்: அது அடிமைத்தனமே அல்ல, ஆறு வருட வேலை ஒப்பந்தம், அதனால் யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. வேற்று ஜாதி அடிமைகளை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிற லேவியராகமம் 25:44 முதல் 46 வரை என்ன செய்வது என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. 'முன்பணம்தான் கொடுத்தோம், அவர்களாகத்தான் வந்தார்கள், ஒப்பந்தம் இருக்கிறது' என்ற பேச்சை சூளை முதலாளிகளிடம் போதுமான அளவு கேட்டவள் நான். அந்த வகுப்பை அதற்கு மேல் தொடர முடியவில்லை. அதற்குப் பிறகுதான் செஃபாரியா.

இது வேலை செய்யும் விதம் எளிது. யாத்திராகமம் 21:2-ஐத் திறந்து வசனத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும்: விளக்கவுரை, தால்முத், மித்ராஷ் (வேதவசனங்களுக்கு ரபிகள் எழுதிய பழைய விரிவுரை), சட்ட நூல்கள். அந்த வசனத்தை எடுத்துப் பேசிய இடங்களெல்லாம் அதில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து 'பாருங்கள், எவ்வளவு கருணை' என்றோ 'பாருங்கள், எவ்வளவு கொடுமை' என்றோ சொல்வது இதை வைத்துக்கொண்டு கஷ்டம். உடன்பட்டவரும் மறுத்தவரும் வசனத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

முதலில் எபிரெய அடிமை. கடனுக்காகவோ திருட்டுக்காகவோ விற்கப்பட்டவன். கடன் எப்படிப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் என்பதை 2 இராஜாக்கள் 4-ல் எலிசாவிடம் வந்த விதவை சொல்கிறாள்: கடன் கொடுத்தவன் என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வருகிறான் என்று. நெகேமியா 5-ல் அதே அழுகை ஊர் முழுக்கக் கேட்கிறது. வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்தவர்கள் கடைசியில் மகன்களையும் மகள்களையும் கொடுக்கிறார்கள். அப்படி அடிமையானவன் ஆறு வருடம் வேலை செய்ய வேண்டும், ஏழாம் வருடம் ஒன்றும் கொடுக்காமல் விடுதலை. இது யாத்திராகமம். உபாகமம் 15 இதற்கு மேலே ஒரு படி போகிறது. அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, உன் ஆட்டிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் கொடு, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. பெண்ணுக்கும் அப்படியே செய் என்றும் சொல்கிறது.

இந்த வசனத்தில் நான் நெடுநேரம் நின்றேன். மீட்பு வேலையில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சூளையிலிருந்து வண்டியில் ஏற்றுவது சுலபமான பாதி. கையில் ஒன்றும் இல்லாமல் ஊருக்குப் போன குடும்பம் அடுத்த சீசனில் வேறொருவரிடம் முன்பணம் வாங்கி வேறொரு சூளையில் நிற்கும். அதனால்தான் 2016-ம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் என்று வைத்தார்கள். விடுதலையோடு சேர்ந்து கையில் கொஞ்சம் முதலும் வேண்டும் என்பதை உபாகமம் எழுதியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. களம், ஆலை, ஆடு என்று பெயர் சொல்லி எழுதியிருப்பதைப் பாருங்கள். தானியமும் கால்நடையும் இருந்தால் ஒரு குடும்பம் அடுத்த அறுவடை வரை கடன் வாங்காமல் தள்ளிவிடும்.

சரி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? வேதத்தில் கணக்கு இல்லை. செயலியில் அந்த வசனத்தைத் தொட்டதும் தால்முத்தின் ஒரு நூலான கித்துஷினின் 17-ம் ஏட்டுக்குக் கொண்டுபோனது. அங்கே ரபிகள் தொகையைப் பற்றி வாதிடுகிறார்கள். ரபி மெயிர் ஆடு, களம், ஆலை என்ற ஒவ்வொரு வகைக்கும் 5 செலா (வெள்ளிக் காசு), ஆக மொத்தம் 15 என்கிறார். ரபி யூதா 30 என்கிறார்; மாடு முட்டிச் செத்த அடிமைக்கு யாத்திராகமம் 21:32 விதிக்கும் அதே 30. ரபி சிமியோன் 50 என்கிறார், லேவியராகமத்தில் பொருத்தனைக்காக மனிதனை மதிக்கும் தொகையை வைத்து. அரசாணைகளில் தொகைக்காக நடக்கும் வாதம் எனக்குப் பழக்கம், அதனால் இந்தப் பக்கத்தில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. கருணையை வெறும் வார்த்தையாக விடாமல் இத்தனை காசு என்று கட்ட முயன்றிருக்கிறார்கள்.

ஆனால் அதே நூலில் சில ஏடு பின்னால் போனால், 14-ம் ஏட்டின் மறுபக்கம், மனசு கனக்கிறது. திருடிவிட்டு ஈடு கொடுக்க முடியாமல் நீதிமன்றம் விற்றவனுக்கு இந்த வெகுமதி உண்டு. வறுமையால் தன்னைத்தானே விற்றுக்கொண்டவனுக்கு இல்லை என்று ஒரு கருத்து. அவன் ஆறு வருடத்துக்கு மேலும் விற்கப்படலாமாம். ரபி எலெயாசர் இதை மறுத்து, இருவருக்கும் ஒரே சட்டம் என்கிறார். நான் ரபி எலெயாசர் பக்கம். பசியால் போனவனுக்குத்தான் போகும்போது மூட்டை அதிகம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் அவர் பக்கம் சேர்ந்தார்கள். பல நூற்றாண்டு பழைய விவாதத்தில் அப்படித் தடையில்லாமல் கலந்துகொள்ள முடிந்ததே இந்தச் செயலியின் பலன்.

ஏழாம் வருடம் போக மாட்டேன் என்பவனின் காதைக் கதவோடு வைத்துக் கம்பியால் குத்தும் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஜமான் கொடுத்த மனைவியும் அவளுக்குப் பிறந்த பிள்ளைகளும் எஜமானுக்கே, அவன் மட்டும் தனியாகப் போக வேண்டும் என்கிறது நாலாம் வசனம். 'என் எஜமானையும் மனைவி பிள்ளைகளையும் நேசிக்கிறேன்' என்று அவன் சொல்வதைப் பிரசங்கங்களில் அழகான அர்ப்பணிப்பாகப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வசனத்தில் தெரிவது பிள்ளைகளைப் பிணையாக வைத்திருக்கும் ஒரு வீடு. ராஷியைத் தொட்டால் அந்த மனைவி கானானிய அடிமைப் பெண், அதாவது இஸ்ரவேலர் அல்லாத அடிமை, என்று விளக்கம் வருகிறது. அவளுடைய விருப்பத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. அதற்கு முந்திய வசனத்தில், அவன் ஏற்கெனவே கல்யாணமானவனாக வந்தால், அவன் மனைவி பிள்ளைகளுக்குச் சோறு போடுவது எஜமானின் கடமை என்று ராஷி எடுத்துக்காட்டுகிறார். இரண்டு வசனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மகிழ்ந்தவள் அடுத்ததையும் பார்த்தாக வேண்டும்.

காது ஏன் என்பதற்கு ரபி யோகனான் பென் சக்காய் சொன்ன காரணம் கித்துஷின் 22-ல் இருக்கிறது. இஸ்ரவேலர் என்னுடைய ஊழியக்காரர் என்று சீனாயில் ஆண்டவர் சொன்னதைக் கேட்ட காது அது. கேட்டுவிட்டுத் தனக்கு இன்னொரு எஜமானைத் தேடிக்கொண்டதால் அது குத்தப்பட வேண்டும் என்கிறார். அடிமையாகவே இருக்க விரும்புவதைப் புகழாமல் அதை ஒரு குற்றமாகவே பார்த்த ஆசிரியர் இவர். ஆனாலும் தண்டனை அடிமைக்குத்தான், அந்த மனைவியைக் கொடுத்துக் கட்டிவைத்த எஜமானுக்கு இல்லை. இதை நான் சொல்லாமல் விட முடியாது.

கித்துஷினின் 20-ம் ஏட்டையும் சேர்த்துப் படியுங்கள். நீ நல்ல ரொட்டி சாப்பிட்டு அவனுக்கு மட்டமான ரொட்டி கொடுக்கக் கூடாது, நீ பழைய திராட்சரசம் குடித்து அவனுக்குப் புதியது கொடுக்கக் கூடாது, நீ மெத்தையில் படுத்து அவனை வைக்கோலில் படுக்க வைக்கக் கூடாது. எபிரெய அடிமையை வாங்குகிறவன் தனக்கு ஒரு எஜமானையே வாங்கிக்கொள்கிறான் என்று முடிகிறது அந்தப் பகுதி. வாங்குவதையே தடை செய்யாமல், வாங்குகிறவனுக்குக் கஷ்டமாக்கிக்கொண்டே போகும் வழி இது.

இனி வலிக்கிற இடம். யாத்திராகமம் 21:20, 21. ஒருவன் தன் அடிமையைக் கோலால் அடித்து, அடிமை அந்த இடத்திலேயே செத்தால் பழிவாங்கப்பட வேண்டும். ஓரிரு நாள் உயிரோடிருந்தால் பழி இல்லை, ஏனென்றால் அடிமை அவனுடைய பணம். கட்டண வகுப்பில் இந்த வசனத்தைத் திரையில் காட்டவே இல்லை. செஃபாரியாவில் வசனம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ராஷி. இது கானானிய அடிமையைப் பற்றியது, எபிரெயனைப் பற்றியது அல்ல என்கிறார் அவர். 'அவனுடைய பணம்' என்ற காரணமே அதற்கு ஆதாரம். பழிவாங்குதல் என்றால் எஜமானுக்கு வாளால் மரணம் என்றும் சொல்கிறார். அடிமையைக் கொன்ற எஜமானுக்கு மரணம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கண் போனாலோ பல் போனாலோ அடிமைக்கு விடுதலை என்கிற 26, 27-ம் வசனங்களும் அப்படித்தான். ஆனால் மூன்றாம் நாள் செத்தவனுடைய தாய்க்கு இதில் என்ன ஆறுதல்? அந்தக் கேள்விக்கு நான் பார்த்த எந்த உரையிலும் பதில் இல்லை.

லேவியராகமம் 25-க்கு வந்தால் கோடு தெளிவாகிவிடும். உன் சகோதரன் ஏழையாகி உன்னிடம் விற்கப்பட்டால் அவனைக் கூலிக்காரனைப்போல நடத்து, ஐம்பதாம் வருடமான யூபிலியில் அனுப்பு, கொடுமையாய் ஆளாதே. சுற்றியிருக்கிற ஜாதிகளிடம் அடிமைகளை வாங்கிக்கொள்ளலாம், உன் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகலாம், என்றைக்கும். ஒரே அதிகாரத்துக்குள் இரண்டு மனிதர். இணைய வகுப்பு சொன்ன 'ஆறு வருட ஒப்பந்தம்' முதல் மனிதனுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் மனிதனை மறைத்துவிட்டு முதலாமவனைக் காட்டி வேதத்துக்கு நற்பெயர் வாங்கித் தருவது நேர்மையல்ல. வேதத்தை நேசிக்கிறவள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த இரண்டாம் மனிதனைப் பற்றி மரபு என்ன செய்தது என்று தேடினால் செயலியின் உண்மையான ஆழம் தெரியும். மைமோனிடஸின் 12-ம் நூற்றாண்டுத் தொகுப்பில் அடிமைகள் பற்றிய சட்டங்கள் 9 அதிகாரம். கடைசி அதிகாரத்தின் கடைசிச் சட்டம், 9:8, கானானிய அடிமையைக் கடுமையாக வேலை வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது என்றுதான் தொடங்குகிறது. உடனே திரும்புகிறார். சட்டம் அதுவானாலும் நுகத்தைப் பாரமாக்காமல் இருப்பதே பக்தியும் ஞானமும் என்கிறார். பழைய ஞானிகள் தாங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு பதார்த்தத்திலும் அடிமைக்குக் கொடுத்தார்கள், தாங்கள் உட்காருமுன் மிருகங்களுக்கும் அடிமைகளுக்கும் உணவு வைத்தார்கள், கையாலும் வார்த்தையாலும் அவமானப்படுத்தவில்லை என்று எழுதுகிறார். பிறகு யோபு 31-க்குப் போகிறார்: என்னைக் கர்ப்பத்தில் உண்டாக்கினவர் அவனையும் உண்டாக்கவில்லையா? அந்த யோபு வசனம் எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். அடிமைச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சட்ட ஆசிரியர் அதைக் கொண்டுவந்து வைத்திருப்பதை இங்கேதான் பார்த்தேன். சட்டம் அவரைக் கட்டியிருக்கிறது, அதைத் திருத்த அவரால் முடியவில்லை, ஆனால் மனசாட்சியை அதன்மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

தால்முத்தின் இன்னொரு நூலான கிட்டினின் 38-ம் ஏடு இன்னும் கலங்கடிக்கும். தன் அடிமையை விடுவிக்கிறவன் ஒரு கட்டளையை மீறுகிறான், ஏனென்றால் 'என்றைக்கும்' என்று எழுதியிருக்கிறது என்று சாமுவேலின் பெயரில் ஒரு கருத்து. உடனே எதிர்க் கேள்வி: ஜெபத்துக்குப் பத்துப் பேர் சேராதபோது ரபி எலியேசர் தன் அடிமையை விடுவித்துப் பத்தாவது ஆளாக நிறுத்தினாரே? கட்டளையை நிறைவேற்றுவதற்காக என்றால் அது வேறு என்று பதில் வருகிறது. விடுவிக்கத் தடை சொல்லும் சட்டத்துக்குள், விடுவிக்கக் காரணம் தேடும் மனிதர்களை இந்தப் பக்கங்கள் காட்டுகின்றன.

அதில் என்னால் மறக்க முடியாதவர் தாபி. ரப்பான் கமாலியேலின் அடிமை. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலின் பேரன்தான் இந்தக் கமாலியேல். தாபிக்கு வேதம் தெரியும் என்று எஜமானே பெருமையாகச் சொல்கிறார். தால்முத்தின் பாபா காமா என்ற நூலில், 74-ம் ஏட்டில், ஒரு சம்பவம்: தாபியின் கண் எஜமான் கையால் போய்விடுகிறது. கமாலியேலுக்குச் சந்தோஷம், ஏனென்றால் கண் போனால் அடிமைக்கு விடுதலை. ரபி யோசுவாவைச் சந்தித்ததும் 'தாபி விடுதலையாகிவிட்டான் தெரியுமா' என்கிறார். அதற்கு ரபி யோசுவா, சாட்சி இல்லாததால் உம்முடைய பேச்சு செல்லாது என்று சொல்லிவிடுகிறார். மிஷ்னாவின் பெராகோத் 2:7-ல் தாபி செத்துப்போகிறான். கமாலியேல் துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஏற்றுக்கொள்கிறார். அடிமைகளுக்காகத் துக்கம் ஏற்பதில்லை என்று நீர்தானே கற்பித்தீர் என்று சீடர்கள் கேட்க, தாபி மற்ற அடிமைகளைப் போல அல்ல, அவன் நல்லவன் என்கிறார். விடுவிக்க விரும்பின எஜமான், விடுதலைக்குத் தகுதியான மனிதன், அவர்கள் நடுவே 'என்றைக்கும்' என்று எழுதப்பட்ட ஒரு சொல். தாபியின் வாயிலிருந்து மட்டும் இந்தப் பக்கங்களில் ஒன்றும் வரவில்லை. 'மற்ற அடிமைகளைப் போல அல்ல' என்ற பாராட்டு மற்ற எல்லோரையும் எங்கே விட்டுவிடுகிறது என்பதும் என்னை உறுத்துகிறது.

மிஷ்னா கிட்டின் 4:5-ஐயும் தேடிப் பாருங்கள். இரண்டு பேருக்குச் சொந்தமான அடிமையை ஒருவர் விடுவித்துவிட்டால் அவன் பாதி அடிமை, பாதி சுதந்திரன். ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு ஆசிரியர்களின் பள்ளிகள் இதில் மோதுகின்றன. ஒரு நாள் எஜமானுக்கு, ஒரு நாள் தனக்கு என்று வேலை செய்யட்டும் என்றது ஹில்லேல் பள்ளி. ஷம்மாய் பள்ளி மறுத்தது: எஜமானுக்கு வழி செய்துவிட்டீர்கள், இவனுக்குச் செய்யவில்லையே, அடிமைப் பெண்ணையும் கட்ட முடியாது, சுதந்திரப் பெண்ணையும் கட்ட முடியாது. கடைசியில் எஜமானைக் கட்டாயப்படுத்தி விடுவிக்க வைக்கிறார்கள், பாதி விலைக்குக் கடன்பத்திரம் எழுதிக்கொண்டு. ஹில்லேல் பள்ளி தன் கருத்தை மாற்றிக்கொண்டது என்றும் பதிவாகியிருக்கிறது. அடிமையின் வாழ்க்கையை அவன் இடத்திலிருந்து பார்த்ததால் ஒரு சட்டம் மாறிய இடம் இது.

ஓடிப்போன அடிமையைத் திரும்ப ஒப்படைக்காதே, அவன் விரும்பிய ஊரில் இருக்கட்டும் என்ற உபாகமம் 23-ன் சட்டத்தைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் வேதத்தில் 23:15, 16. செஃபாரியாவில் எபிரெய வரிசைப்படி 23:16, 17. அந்தக் காலத்து உலகத்தோடு ஒப்பிட்டால் இது மிகத் துணிச்சலான சட்டம். பாபிலோன் ராஜா ஹமுராபியின் சட்டத்தில் ஓடிப்போன அடிமையை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கே மரணம். அப்படியிருக்க, தால்முத் இதை வெளிநாட்டிலிருந்து இஸ்ரவேல் தேசத்துக்கு ஓடிவந்த அடிமைக்கு என்று சுருக்கிக்கொள்கிறது (கிட்டின் 45). வசனத்தில் இருந்த அகலம் விளக்கத்தில் குறைந்த இடம் இது. பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்ததால்தான் எனக்கு அது தெரிந்தது.

இப்போது சொன்ன ஹமுராபி இந்தச் செயலியில் இல்லை. இது யூத நூலகம், சுற்றியிருந்த நாடுகளின் சட்டங்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அவை இல்லாமல் இந்தப் பாடம் முழுமையாகாது. கி.மு. 18-ம் நூற்றாண்டின் ஹமுராபி சட்டம், 117-ம் பிரிவு, கடனுக்காகக் கொடுக்கப்பட்ட மனைவி பிள்ளைகளை மூன்று வருடத்துக்குப் பிறகு நாலாம் வருடம் விடுவிக்கச் சொல்கிறது. ஆறு வருடத்தைவிட அது குறைவு. நம் வேதத்தில் இருப்பதெல்லாம் மற்றவர்களைவிட மேலானது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக இது இடம் கொடுக்காது. சில இடத்தில் மேல், சில இடத்தில் இல்லை.

சட்டம் நடைமுறையில் இருந்ததா என்பதற்கும் வெளியே போக வேண்டும். எரிகோவுக்கு வடக்கே வாடி தாலியே குகையில் 1962-ல் கிடைத்த கி.மு. 4-ம் நூற்றாண்டுச் சமாரியப் பத்திரங்களில் பெரும்பாலானவை அடிமை விற்பனைப் பத்திரங்கள். விற்கப்பட்டவர்கள் பலரின் பெயரிலேயே இஸ்ரவேலின் ஆண்டவருடைய பெயரான யாவே கலந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு அல்ல, என்றைக்குமாக விற்றிருக்கிறார்கள். எகிப்தின் எலிபாண்டைன் தீவில் இருந்த யூதக் குடியிருப்பில் மெசுல்லாம் என்பவர் கி.மு. 427-ல் தாமேத் என்ற அடிமைப் பெண்ணையும் அவள் மகளையும் தன் மரணத்துக்குப் பிறகு விடுதலை என்று எழுதிக்கொடுத்த பத்திரம் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் வலது கையில் மெசுல்லாமுக்குச் சொந்தம் என்று குறியிட்டிருந்ததை அந்தப் பத்திரமே சொல்கிறது. பத்திரம் எழுதிப் பழகிய எனக்கு இவை எந்த விளக்கவுரையையும்விட நெருக்கமானவை. செயலிக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டுமென்றால் எரேமியா 34 போதும். சிதேக்கியா ராஜா காலத்தில் எருசலேமின் பெரியவர்கள் எபிரெய அடிமைகளை விடுவித்தார்கள், பிறகு மனம் மாறி மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். மீட்கப்பட்ட குடும்பத்தை மறுபடி சூளையில் பார்த்தவர்களுக்கு அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது கை நடுங்கும்.

நடைமுறை விஷயங்கள். செயலியின் முகப்பு ஆங்கிலமும் எபிரேயமும்தான், தமிழ் இல்லை. பள்ளி ஆங்கிலம் வேதப் பகுதிகளுக்குப் போதும், தால்முத்துக்குச் சிரமப்படுவீர்கள். அதற்கு ஒரு நல்ல உதவி இருக்கிறது: 2017-ல் இலவசமாக்கப்பட்ட வில்லியம் டேவிட்சன் பதிப்பில் மூலத்தின் சொற்கள் தடித்த எழுத்திலும், புரிவதற்காகச் சேர்த்த விளக்கம் சாதாரண எழுத்திலும் இருக்கும். எது அன்றைய ரபி சொன்னது, எது இன்றைய உரையாசிரியர் சேர்த்தது என்று கலங்க வேண்டாம். பல விளக்கவுரைகள் எபிரேயத்தில் மட்டுமே இருக்கின்றன, அங்கே நின்றுவிட வேண்டியதுதான். புதிய ஏற்பாடு கிடையாது. அடிமை ஒநேசிமுவைப் பற்றிப் பவுல் எழுதிய பிலேமோன் நிருபத்துக்கு நம் வேதத்தைத்தான் எடுக்க வேண்டும். நூல்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வாசிக்கலாம், கிராமத்துச் சபைகளுக்குப் போகும்போது எனக்கு இது பெரிய வசதி. தால்முத்தைக் கணினியில் படியுங்கள், கைப்பேசித் திரையில் இரண்டு நூலைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது கண்ணுக்குக் கஷ்டம்.

பயனர்களே தொகுத்து வைக்கும் தாள்களும் உண்டு. அடிமைத்தனம் என்று ஆங்கிலத்தில் தேடினால் நிறைய வரும். தரம் ஆளுக்கு ஆள் மாறும், மூலத்தைத் திறந்து சரிபார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள். வசனத்தை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம் என்பதற்கு 1861 ஜனவரி 4 அன்று நியூயார்க்கில் ரபி மாரிஸ் ரஃபால் செய்த பிரசங்கம் சாட்சி. வேதம் அடிமைத்தனத்தை அனுமதிக்கிறது என்று அவர் பேசினார், அமெரிக்காவின் தென் மாநிலத்து அடிமை எஜமானர்களுக்கு அது இனித்தது. பால்டிமோரில் ரபி டேவிட் ஐன்ஹார்ன் அதை எதிர்த்துப் பேசி எழுதினார். அந்த ஏப்ரலில் கலவரக் கூட்டத்துக்குப் பயந்து குடும்பத்தோடு ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. இருவர் கையிலும் இருந்தது ஒரே தோரா.

வேதபாடம் எடுப்பவர்கள், இறையியல் மாணவர்கள், இந்தச் சட்டங்களைக் காட்டிக் கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோர், இவர்கள் எல்லோரும் இதை இறக்கிக்கொள்ளலாம். 'வேதத்தில் அடிமைத்தனமே இல்லை' என்று ஒரே வரியில் நிரூபிக்க விரும்புகிறவர்களுக்கு இது உதவாது. நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். தமிழ் இல்லாததற்கு மட்டும் அரை குறைத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாத்திராகமம் 21-ல் ஆரம்பிக்காமல் உபாகமம் 15, எரேமியா 34, லேவியராகமம் 25, அதன் பிறகு யாத்திராகமம் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு வசனத்திலும் ராஷியையும் தால்முத்தையும் மட்டும் முதலில் திறங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் முதல் அதிகாரத்தைத் தாண்ட மாட்டீர்கள்.